பழுப்பு ஜோடியும் கறுப்பு ஜோடியும்

செவ்வொலித் தேர்வு மன்றத்துக்குள் யாரும் பாட்டு கேட்கக் கூடாது. இதுதான் மன்றத்தின் முதல் விதி. மாடிப்படி ஏறியதும் எதிர்ச் சுவரில், ‘செருப்பை இங்கே விடவும்’ என்ற அறிவிப்புக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் செருப்பை ஒழுங்காக விடுவதில் கவனமாக இருந்ததால் தலையை நிமிர்த்தவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஒரு போர்டைப் படிக்காமல் போனதுதான் இந்த விவகாரத்தில் நடந்த முதல் தவறு. மீதித் தவறுகளை மன்றமே பார்த்துக்கொண்டது.

அவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி, அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறிய மைத்துனன் கையில் ஒன்று. முதல் பெட்டியில் பழுப்பு நிற ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இரண்டாவதில் கறுப்பு. இரண்டுமே புத்தக அலமாரியில் வைக்கிற அளவு. பழுப்பு ஜோடியைக் கண்ணாடிக்காரர் கீழே இருந்த கடையில் வாங்கினார். வாங்கிய அன்றே மைத்துனன் வேறெங்கோ போய்க் கறுப்பு ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“மாமா, அக்காவுக்குன்னு வாங்கறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

“உனக்கு ஸ்பீக்கரைப் பத்தி என்னடா தெரியும்?”

“உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் கீழ்க்கடைக்காரரிடம் போனார்கள். அவர் கூரையைக் காட்டினார். “மேல மன்றம் இருக்கு சார். எது நல்லதுன்னு சொல்றதுக்குன்னே இருக்காங்க. அவங்க சொல்லாம நான் ஒண்ணும் சொல்றதில்ல.”

அவசரத்துக்குக் காரணம் டீச்சர். அதாவது கண்ணாடிக்காரரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். முதலில் அவருக்கு வாசல் மணி கேட்காமல் போனது. அப்புறம் குக்கர் விசில். வகுப்பில் பிள்ளைகள் சொன்ன விடை சரியாகக் கேட்காததால் எல்லாவற்றுக்கும் “சரி” என்று தலையாட்ட ஆரம்பித்தார். அந்த வருடம் அவர் வகுப்பில் தவறான விடையே கிடையாது. தலைமையாசிரியர் பாராட்டினார். டீச்சர் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, வேலையை விட்டுவிட்டார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “நரம்பு சம்பந்தப்பட்டது. மழைக்காலம் முடியற வரைக்கும் ஓரளவு இருக்கும். அதுக்கப்புறம் என் கையில இல்ல. மெஷின் வெச்சா பேச்சு கொஞ்ச நாளைக்குப் புரியும், பாட்டு தகரம் மாதிரி இருக்கும். காதுல எதையும் செருகாதீங்க. ஹால்ல நல்லதா ஒரு ஸ்பீக்கர் வெச்சு, பிடிச்சதைக் கேக்கட்டும். இப்பவே கேக்கட்டும்.”

“எனக்கு என்னங்க வேணும்” என்றார் டீச்சர். “சாயங்காலம் நீங்க கடைய மூடிட்டு வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து நாலு பாட்டு கேக்கணும். அவ்ளோதான்.”

வீட்டில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. நல்ல ஸ்பீக்கர் வரப்போகிறது என்றதும் அதை டீச்சரே நிறுத்திவிட்டார். கரகரவென்று கேட்டு இருப்பதையும் ஏன் செலவு பண்ண வேண்டும், அது வரும்வரை காதை மிச்சம் பிடித்து வைக்கிறேன் என்றார்.

கண்ணாடிக்காரருக்கு இது ஒரு பெரிய வேலையாகத் தோன்றவில்லை. அவர் பிழைப்பே ஒப்பீடுதான். எதிரே உட்கார்ந்தவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, வேறொன்றைப் போட்டு, “இதுல நல்லாத் தெரியுதா, இதுலயா?” என்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். காதுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

மன்றத்தின் செயலாளர் இரண்டு பெட்டிகளையும் வாங்கி, எடை பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு முத்திரை குத்தினார்.

“ஒப்பீட்டுக்கு அனுமதிச்சாச்சு. தீர்ப்பு வர்ற வரைக்கும் இது உங்களோடது இல்ல.”

“அப்ப யாரோடதுங்க?”

“ஒப்பீட்டோடது.”

“இல்ல சார், சும்மா ரெண்டுலயும் ஒரு பாட்டைப் போட்டு எது நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா...”

அறையில் இருந்த உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “முதல் தடவைங்கறதால விடறேன். ‘நல்லா இருக்கு’ங்கறது இங்க சொல்லக் கூடாத வார்த்தை. அது அபிப்பிராயம். இங்க மதிப்பீடு மட்டும்தான்.”

மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கே கேட்க முடிந்தது. உறுப்பினர்கள் ஒரு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் வேறு யாருடையவோ இரண்டு ஸ்பீக்கர்கள். ஒரு கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் வந்தது. பிறகு ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தது. பிறகு மறுபடி கதவு. ஒருவர் எழுந்து, “கீழ்ஸ்தாயி வாசல் வரைக்கும் வருகிறது, உள்ளே வரக் கூச்சப்படுகிறது” என்றார். இன்னொருவர், “நடுவில் ஈரப்பதம் போதாது” என்றார். மூன்றாமவர் வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “மேலே காற்றோட்டம் உண்டு, ஆனால் ஜன்னல் தவறான திசையில் இருக்கிறது” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். மைத்துனன் மட்டும் ஜன்னலைத் தேடினான்.

தலைவர் கடைசியில் வந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். உட்காரும்போது நாற்காலி சத்தம் போட்டுவிடுமோ என்று பயந்து உட்கார்ந்தார்.

“பாட்டு போடலாமான்னு கேட்டீங்களாம்” என்றார். “தப்பில்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். பாட்டைப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? பாட்டுதான் கேக்கும். ஸ்பீக்கர் கேக்காது. அதான் கதவு. கதவைச் சாத்தினா மனசு எங்கயும் போகாது. நான் ஒரு பாட்டை முழுசாக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. என் சம்சாரம் அந்தக் காலத்துல நல்லாப் பாடுவா. நான் எப்பவும் அவ எந்த இடத்துல நின்னு பாடினா சுவரு எதிரொலிக்காதுன்னு பார்த்துட்டு இருப்பேன். ஒருநாள் நிறுத்திட்டா. இன்னைக்கு வரைக்கும் ஏன்னு சொல்லல. நிறுத்தினதுக்கு அப்புறம் எங்க ஹாலு ரொம்ப சுத்தமா இருக்கு.”

கண்ணாடிக்காரர் வீட்டு நிலவரத்தைச் சொன்னார். டீச்சருக்கு நாள் அதிகமில்லை, சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் புண்ணியம் என்றார்.

தலைவர் முகம் நிஜமாகவே இளகியது. “அப்படின்னா அவசரமே படக் கூடாது. நீங்க யோசிச்சுப் பாருங்க. நமக்கெல்லாம் தப்பாக் கேட்டா நாளைக்குத் திருத்திக்கலாம். அவங்க கடைசியாக் கேக்கறது தப்பாக் கேட்டுட்டா?”

இந்த ஒரு வாக்கியம்தான் கண்ணாடிக்காரரைப் பிடித்துக்கொண்டது. படி இறங்கும்போது மைத்துனன், “மாமா, கீழயே இன்னொரு ஜோடி வாங்கிட்டுப் போயிடலாம்” என்றான். கீழ்க்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். மேலே ஒப்பீடு நடக்கிற வீட்டுக்கு அவர் எதுவும் விற்பதில்லை, விற்றால் மேலே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள், கடைக்குள் ஒழுகும் என்றார். வேறு கடைக்குப் போகலாம் என்று மைத்துனன் இழுத்தான். கண்ணாடிக்காரர் வரவில்லை. “சரியானதே வரட்டும்டா” என்றார்.

மழை ஆரம்பித்தது.

அடுத்து வீட்டைப் பார்வையிட ஒரு துணைக்குழு வந்தது. செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும். டேப்பால் ஹாலை அளந்தார்கள். நடுவில் நின்று கை தட்டி, அந்தக் கைதட்டல் எங்கே போகிறது என்று மூவரும் சேர்ந்து பார்த்தார்கள். டீச்சர் டீ கொண்டுவந்து வைத்தார்.

“ஸ்பீக்கரை எங்க வைக்கறதா இருக்கீங்க?”

“அந்தப் புத்தக அலமாரியில” என்றார் டீச்சர். “ரெண்டு தட்டுக் காலி பண்ணி வெச்சிருக்கேன்.”

செயலாளர் டம்ளரைக் கீழே வைத்தார். “புத்தக அலமாரி ஸ்பீக்கரைப் புத்தக அலமாரியில வைக்கவே கூடாதும்மா. அதுக்குத் தனியா காலு இருக்கு. அந்தக் காலை ஹாலுக்கு நடுவுல வைக்கணும்.”

“அப்ப ஏன் அதுக்கு அந்தப் பேரு?”

“பேரு வாங்கறவங்களுக்காக வெச்சது. எங்களுக்காக இல்ல.”

டீச்சர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். பேசுகிறவர் முகத்தைத் திருப்பினால் பேச்சு அறுந்துபோகும். அடுத்து செயலாளர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு முக்கோணம் போட்டு, அதன் நுனியில் ஒரு நாற்காலியை வைத்தார். டீச்சர் அங்கேதான் உட்கார வேண்டும். தலையைச் சாய்க்கக் கூடாது. அறையில் வேறு உடம்பு இருந்தால் ஒலியைக் குடித்துவிடும்.

“அப்ப இவரு?” என்றார் டீச்சர்.

“சார் சமையலறையில இருக்கலாம். கதவை மட்டும் சாத்திக்கணும்.”

“இவரு இல்லாம நான் எதுக்குங்க பாட்டு கேக்கணும்?”

செயலாளர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு தெரிந்தது, ‘கேட்பவரின் கவனம் சிதறுகிறது’ என்று எழுதியிருந்தார்.

துணைக்குழு போனபின் டீச்சர் அந்த முக்கோணத்தைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார். வெகுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். தன் சிரிப்பு எவ்வளவு சத்தமாக இருந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது.

அதற்கு அப்புறம் பதம். புது ஸ்பீக்கரை அப்படியே எடுத்துக் கேட்கக் கூடாதாம். பூட்டிய அறையில் வைத்து, யாரும் இல்லாமல், இராப்பகலாகப் பாட விட வேண்டும். அப்போதுதான் பதம் வரும். மனிதக் காது பட்டால் பதம் கெடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் மன்றம் பாட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தது, கேட்க யாரும் இல்லாததால்.

ஆக, மாடியில் ஒரு காலி அறைக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் டீச்சர் காதை மிச்சம் பிடித்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் விழுந்தால் இன்னும் திரும்பிப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. மழைச் சத்தம் நின்றுவிட்டதா என்று ஒருநாள் கேட்டார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கண்ணாடிக்காரர் கடையைப் பாதியில் மூடிவிட்டு, டீச்சரைக் குடைக்குள் அழைத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனார். மாடித் தாழ்வாரத்தில் யாரும் இல்லை. பதம் அறையின் கதவில் தன் காதை வைத்தார். உள்ளே யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். டீச்சரை இழுத்து அதே இடத்தில் காதை வைக்கச் சொன்னார்.

டீச்சர் கதவோடு கன்னத்தை அழுத்தி வெகுநேரம் நின்றார்.

“ஏதோ வருதுங்க.”

“பாட்டு.”

“ஆம்பளைக் குரலா?”

“ஆமா” என்றார் கண்ணாடிக்காரர்.

“கீழ இறங்கி இறங்கிப் பாடறாரு. நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கு.”

செயலாளர் அந்தப் பக்கம் வந்துவிட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. “சார், வெளியில நின்னு கேட்டா பதம் கசியும். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்” என்றார். ஆரம்பித்தார்கள்.

பதம் ஒருவழியாக முடிந்ததும் செவித்தகுதி வந்தது. ஸ்பீக்கர் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டில் தகுதியுள்ள ஒரு காதாவது இருக்க வேண்டும் என்பது விதி. டீச்சரை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். வெளியே வந்த செயலாளர் கண்ணாடிக்காரரை ஓரமாக அழைத்தார்.

“கஷ்டமா இருக்கு சார். அம்மா தகுதி பெறல.”

“அதுக்காகத்தானே நான் அவசரம்னு சொன்னேன்.”

“அதுக்காகத்தானே நாங்க விதி வெச்சிருக்கோம். கேக்காத வீட்டுக்கு ஸ்பீக்கர் போச்சுன்னா அது ஸ்பீக்கருக்கு நல்லதில்ல.”

மைத்துனன் நாற்காலியிலிருந்து எழுந்தான். “யோவ், நாங்க முதல்ல இங்க வந்தப்ப அக்கா கேட்டுட்டுதான்யா இருந்தாங்க. நீங்க கதவைச் சாத்திச் சாத்தியே...” என்று ஆரம்பித்தவனைக் கண்ணாடிக்காரர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தன் காதைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார். அவருடையது தேறியது. டீச்சருக்குப் பார்வையாளர் அட்டை கொடுத்தார்கள்.

இறுதி ஒப்பீட்டு நாளில் உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். திரைக்கு நேர் எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள். பார்வையாளருக்குத் தகுந்த இடம் பக்கச் சுவரை ஒட்டி ஒரு ஸ்டூல். அங்கிருந்து திரைக்குப் பின்பக்கம் தெரியும், ஒலி கோணலாகத்தான் விழும், ஆனால் அதைப் பற்றிப் பார்வையாளர் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்த டீச்சரின் பக்கத்தில் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டார். செயலாளர் முன்னால் ஒரு சிறிய பெட்டி, அதில் ஒரு திருகு. இடது பக்கம் திருப்பினால் பழுப்பு, வலது பக்கம் கறுப்பு. திருகும் உரிமை அவருக்கு மட்டும்.

திருகினார். கதவு சாத்தியது.

“இடது கொஞ்சம் கர்வம்” என்றார் ஒருவர்.

வலது பக்கம் திருகினார். கதவு சாத்தியது.

“ஆகா. இது வேற உலகம். இதுல கதவு மரக்கதவுன்னு தெரியுது.”

“அதுல தகரக்கதவு.”

“அதுல கதவே இல்ல. கதவைப் பத்தின ஒரு வதந்திதான் இருக்கு.”

இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. கறுப்புக் கட்சியின் மூத்த உறுப்பினர் ஒருவர் பழுப்புக் கட்சியோடு இனி ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். தலைவர் ஒலியை இன்னும் ஏற்றச் சொன்னார். செயலாளர் ஏற்றினார்.

கதவு சாத்திய வேகத்தில் அறையே அதிர்ந்தது. எல்லோருக்கும் தோள் தூக்கிவாரிப் போட்டது. மைத்துனன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணாடிக்காரர் தற்செயலாகக் கீழே பார்த்தார். டீச்சரின் தோள் அசையவில்லை. இமைகூட அசையவில்லை. அவர் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர்களை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டார்.

“ஏங்க” என்றார் டீச்சர். தன் குரலின் அளவு தெரியாததால் அது அறை முழுக்கக் கேட்டது. “பழுப்புல நடுவுல இருக்கற வட்டம் குதிக்குது. கறுப்புல ஆடவே இல்லியே.”

செயலாளர் திருகை வலது பக்கம் திருப்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். கதவு சாத்தியது. குதித்தது பழுப்புதான். திருகின் இரண்டு பக்கமும் பழுப்புக்கே போயிருந்தது. கறுப்பின் ஒயர் நுனியில் கடையில் சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை. பதம் அறைக்குப் போவதற்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்கிறது. விதிப்படி அந்த அறைக்குள் யாரும் போகாததால் யாருக்கும் தெரியவில்லை.

தலைவர் எழுந்தார். வெட்கப்படுவார் என்று மைத்துனன் எதிர்பார்த்தான்.

“நண்பர்களே” என்றார் தலைவர். “நம்ம மன்றத்தோட வரலாற்றுல இது ஒரு பெரிய நாள். ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலயும் முடியும். ஒரே ஸ்பீக்கருக்கும் அதே ஸ்பீக்கருக்கும் நடுவுல இத்தனை வித்தியாசத்தைக் கேட்ட காது உலகத்துல வேற எங்க இருக்கு?”

கைதட்டல் மன்றத்தில் தடைசெய்யப்பட்ட ஒன்று. அதற்குப் பதிலாக எல்லோரும் கையைத் தூக்கினார்கள். வேறு பெஞ்சுக்குப் போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய பெஞ்சுக்கே திரும்பினார். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. பழுப்பு, மிக நுண்ணிய வித்தியாசத்தில் பழுப்பை வென்றது. கறுப்பின் மௌனத்தில் குறை எதுவும் காணப்படவில்லை.

தலைவர் டீச்சரிடம் வந்து, தரையைப் பார்த்தபடி நெடுநேரம் ஏதோ நன்றி சொன்னார். உதடு தெரியாததால் டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, “சரி, சரி” என்றார்.

அவர்கள் பெட்டிகளோடு வெளியே வந்தபோது தெரு காய்ந்திருந்தது. மழை நின்று பல நாள் ஆகியிருந்தது. மைத்துனன் வாசல் வரை வந்து பெட்டியை இறக்கிவிட்டு, “நான் வரேன் மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே போனான்.

டீச்சர் பழுப்பு ஜோடியைத்தான் எடுத்தார். புத்தக அலமாரியின் தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்தார், எட்ட நின்று பார்த்தார், ஒன்றைக் கொஞ்சம் திருப்பினார். இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டார். கண்ணாடிக்காரர் ஒயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் பாட்டு எது என்று இத்தனை மாதமாக யோசித்து வைத்திருந்தார். இப்போது அது நினைவுக்கு வரவில்லை. போனில் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு பாட்டும் சரியாகத் தோன்றவில்லை. எதைப் போட்டு என்ன என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியது பக்கத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று மறுபடியும் தள்ளினார்.

தலை நிமிர்ந்தபோது டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் நாற்காலிக் கையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் தன்னைப் பார்ப்பதைக் கவனித்ததும் முகம் மலர்ந்தார்.

“என்ன குரல் பாத்தீங்களா? இவ்ளோ நாள் காத்திருந்தது வீண் போகலீங்க.”

கண்ணாடிக்காரர் போனைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

“ஆமா” என்றார்.

டீச்சர் கொஞ்ச நேரம் தாளம் போட்டார். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் தயங்கினார்.

“சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சிடுங்க. அந்த வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற நேரம்.”

கண்ணாடிக்காரர் எழுந்து அலமாரியிடம் போனார். இன்னும் போடாத பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தார்.